புகார் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்: தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நான் தண்டையார்பேட்டையில் 17 ஆண்டுகளாக இயன்முறை சிகிச்சை அளித்துவருகிறேன். என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் பிள்ளைகள். பெருமூளை வாதம் (மூளைச் சேதத்தால் உடல் அசைவு பாதிக்கப்படும் நிலை) உள்ளவர்கள், நடை தாமதமானவர்கள், தசைச் சிதைவு நோய்க்காரர்கள். மீதிப் பேர் துறைமுகத்திலும் மணலி, எண்ணூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளிலும் லாரி ஷெட்டுகளிலும் அடிபட்டவர்களும் பக்கவாதம் வந்த பெரியவர்களும். கடந்த சில ஆண்டுகளில் இவர்களில் பலர் 'ஸ்டெம் செல் ஊசி' (வேறு வகைச் செல்களாக வளரக்கூடிய மூலச் செல்களை உடம்பில் செலுத்துவது) போட்டுக்கொள்வதற்காகக் கடனாளி ஆனதை அருகிலிருந்து பார்த்தவள் என்ற முறையில் இந்த மடலை எழுதுகிறேன். என் வேண்டுகோள் ஒன்றுதான். நிரூபிக்கப்படாத ஸ்டெம் செல் சிகிச்சையைப் பணத்துக்கு விற்பவர்கள்மீது, யாராவது புகார் கொடுக்கட்டும் என்று பார்த்திராமல், கவுன்சில் தானாகவே விசாரணையைத் தொடங்க வேண்டும். புகார் ஏன் வராது என்பதைச் சொல்லத்தான் மடல் நீளமாகிறது.

காசிமேட்டிலிருந்து ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் வாரம் மூன்று நாள் என்னிடம் வருகிறான். அவனுக்குப் பெருமூளை வாதம். அப்பா விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். அம்மா அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்குவார். ஓராண்டுக்கு மேல் ஒரு நாள்கூடத் தவறாமல் வந்தவர், ஒரு மே மாதக் கடைசியில் திடீரென்று நின்றுவிட்டார். மீன்பிடித் தடைக்காலம், வருமானமில்லை, ஆட்டோவுக்குக்கூடக் காசு இருக்காது என்று நினைத்துக்கொண்டேன். ஜூலையில் திரும்பி வந்தார். பாயில் படுக்கவைப்பதற்காகப் பையனின் சட்டையைத் தூக்கியபோது, இடுப்பெலும்புக்கு மேலே இரண்டு பக்கமும் ஒவ்வொரு புள்ளித் தழும்பும், முதுகின் அடிப்பகுதியில் பிளாஸ்திரி ஒட்டியிருந்த இடத்தில் கறுத்துப்போன பசையும் தெரிந்தன. நான் பார்ப்பதை அம்மா பார்த்துவிட்டார். "ஸ்டெம் செல் போட்டாச்சு மேடம்" என்றார், கோயிலில் ஒரு வேண்டுதலை முடித்துவிட்டு வந்தவரைப் போல.

செலவு 4 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய். தாலிக்கொடியைத் தவிர வீட்டிலிருந்த நகையெல்லாம் அடகுக்குப் போயிருந்தது. மீதிக்குப் படகு உரிமையாளரிடம் முன்பணம் வாங்கியிருந்தார்கள். தடைக்காலம் முடிந்து எத்தனை நடை கடலுக்குப் போனால் அது கழியும் என்று கணவருக்கே கணக்குத் தெரியவில்லை. இது முதல் தவணை ஊசிதானாம். மூன்று தவணை போட்டால்தான் முழுப் பலன் என்று சொல்லியனுப்பியிருக்கிறார்கள்.

அவர் கொண்டுவந்த கோப்பை என்னிடம் படிக்கக் கொடுத்தார். அதில் 11 பக்க ஒப்புதல் படிவம் ஒன்று இருந்தது. முழுவதும் ஆங்கிலம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் தமிழில் அவருடைய கையெழுத்து. எட்டாம் வகுப்பு வரை படித்தவரின் உருண்டையான, நிதானமான எழுத்து. ஏழாம் பக்கத்தில் ஓரிடத்தை நான் இரண்டு முறை படித்தேன். இந்தச் செயல்முறை சோதனை நிலையில் உள்ளது, இதன் பயன் இன்னும் நிறுவப்படவில்லை, செலுத்திய தொகை எக்காரணத்தாலும் திருப்பித் தரப்படாது என்பது அதன் பொருள். கோப்பின் கடைசியில் ரசீது. அதில் 'சிகிச்சைக் கட்டணம்' என்று அச்சிட்டிருந்தது.

கவுன்சில் இந்த இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதே என் விருப்பம். பொறுப்பு என்று வரும்போது அது சோதனை. பணம் என்று வரும்போது அது சிகிச்சை. சோதனை என்றால் அவன் ஓர் ஆய்வில் பங்கேற்பவன். ஆய்வுக்கான செலவைப் பங்கேற்பவரிடம் வசூலிக்கக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் சொல்கின்றன. 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளின்படி, ஸ்டெம் செல்லிலிருந்து மருந்தாகப் பயன்படுத்துவதற்கு உருவாக்கப்படும் பொருள் புதிய மருந்தாகவே கருதப்படும். பரிசோதனையில் பங்கேற்பவருக்கு அவருக்குப் புரியும் மொழியில் விளக்கம் தர வேண்டும், பரிசோதனையால் கேடு நேர்ந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் தர வேண்டும். சிகிச்சை என்றாலோ, அதன் பயன் ஏற்கெனவே நிறுவப்பட்டிருக்க வேண்டும். அந்தத் தாய் கையெழுத்திட்ட படிவமே அப்படி இல்லை என்கிறது.

விதிகள் இல்லாமல் இது நடக்கவில்லை. ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து 2007இலேயே வழிகாட்டுதல்களை வெளியிட்டன. 2013இல் அவற்றைத் திருத்தியபோது தலைப்பிலிருந்த 'சிகிச்சை' என்ற சொல்லையே எடுத்துவிட்டு, 'ஆராய்ச்சி' என்பதை மட்டும் வைத்தார்கள். சிகிச்சை என்று சொல்லிக்கொள்ளும் நிலைக்கு இத்துறை வரவில்லை என்பதை அதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. 2017ஆம் ஆண்டுத் திருத்தம், ரத்தம் சார்ந்த அங்கீகரிக்கப்பட்ட நோய்களுக்கு ரத்த ஸ்டெம் செல் மாற்றுவதைத் தவிர, நோயாளிகளிடம் செய்யப்படும் மற்ற எல்லாப் பயன்பாடுகளும் ஆய்வு நிலையில் உள்ளவையே என்றும், அனுமதி பெற்ற பரிசோதனைக்கு வெளியே அவற்றைச் செய்வது நெறியற்றது, தொழில்முறைத் தவறு என்றும் கூறுகிறது. 2022 டிசம்பரில் தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம், ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சை பரிந்துரைக்கத்தக்கது அல்ல, அதைச் செய்வது தொழில் ஒழுக்கக்கேடு என்று தெரிவித்தது. இவையெல்லாம் கவுன்சில் அறிந்தவையே. இத்தனையும் இருந்தும், காசிமேட்டுத் தாய்க்கு இவற்றில் ஒரு வரிகூட வந்து சேரவில்லை. அவருக்கு வந்து சேர்ந்தது ஒரு யூடியூப் காணொளி.

நான் ஸ்டெம் செல் ஆராய்ச்சிக்கு எதிரானவள் அல்ல. குருத்தணு என்று தமிழில் சொல்லும் இந்தச் செல்களால் பிழைத்தவர்களை எனக்குத் தெரியும். இந்தியாவில் 1983இல் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் முதல் எலும்பு மஜ்ஜை மாற்று நடந்தது முதல், ரத்தப் புற்றுநோயிலும் தலசீமியா என்னும் பரம்பரை ரத்த நோயிலும் எத்தனையோ பேர் அதனால் மீண்டிருக்கிறார்கள். சென்ட்ரலில் ரயிலேறினால் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் காட்பாடி. அதன் பக்கத்திலுள்ள வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில், கடுமையான ஹீமோபிலியா (ரத்தம் எளிதில் உறையாத நோய்) நோயாளிகள் ஐவரின் சொந்த ஸ்டெம் செல்களை எடுத்து, ரத்தம் உறையத் தேவையான மரபணுவை அவற்றில் சேர்த்து, திரும்ப உடலில் செலுத்தினார்கள். அவர்களுக்கு ரத்தக்கசிவு நின்றது. அதன் முடிவு 2024 டிசம்பரில் உலகின் முன்னணி மருத்துவ இதழ் ஒன்றில் வெளிவந்தது. ஐந்தே பேர், ஆனாலும் யார், என்ன அளவு, என்ன பக்கவிளைவு என்று எல்லாம் எல்லோரும் பார்க்கும்படி எழுதப்பட்டிருக்கிறது. நம் மாநிலத்திலேயே இப்படிச் செய்ய முடிகிறது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. அந்த ஆராய்ச்சியின் பெயரைக் கடன் வாங்கித்தான் மற்றவர்கள் கடை நடத்துகிறார்கள்.

மஜ்ஜையில் இருக்கும் ரத்த ஸ்டெம் செல்லின் வேலை ரத்தத்தை உருவாக்குவது. அதை இன்னொரு உடலில் செலுத்தினால் அங்கும் போய் அதே வேலையைச் செய்கிறது. அதனால்தான் மஜ்ஜை மாற்று பலிக்கிறது. இடுப்பெலும்பிலிருந்து எடுத்ததை முதுகுத் தண்டில் செலுத்தினால் அது மூளைக்குப் போய், பிறக்கும்போதே சேதமான இடத்தைத் தேடிப் பிடித்து, நரம்பாக மாறி, சரியான நரம்போடு இணைந்துகொள்ளும் என்பது வேறு விஷயம். அதை ஒருவரும் நிறுவவில்லை.

ஸ்டெம் செல் என்றாலே கருவைப் பற்றிய விவாதம்தான் படித்தவர்கள் நினைவுக்கு வரும். 1998இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஜேம்ஸ் தாம்சன் மனிதக் கருவிலிருந்து ஸ்டெம் செல்களைப் பிரித்தெடுத்த நாள் முதல், சில நாள் வயதுள்ள ஒரு கருவை ஆய்வுக்காக அழிக்கலாமா என்ற கேள்வி அரசுகளையும் சமயங்களையும் அலைக்கழித்தது. வளர்ந்தவரின் தோல் செல்லையே பின்னோக்கித் திருப்பிக் கருநிலைச் செல்லைப் போல ஆக்கலாம் என்று ஜப்பானின் ஷின்யா யமனாகா காட்டி, 2012இல் நோபல் பரிசு பெற்ற பிறகு அந்தக் கேள்வியின் சூடு சற்றுத் தணிந்தது, தீரவில்லை. நம் நாட்டு வழிகாட்டுதல்களும் மனிதக் கருவை ஆய்வுக்கூடத்தில் 14 நாட்களுக்கு மேல் வளர்க்கக் கூடாது என்கின்றன. கருவைத் தந்த தம்பதியின் இசைவும் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் வேண்டும் என்கின்றன. இது சரியான கவனம் என்றே நினைக்கிறேன். ஆனால் ஐந்து நாள் கருவுக்கு இத்தனை காவல் வைத்திருக்கும் நாம், ஐந்து வயதுப் பிள்ளையின் முதுகுத் தண்டில் ஊசி இறங்கும்போது வாசலில் யாரையும் நிறுத்தவில்லை.

அந்தப் பையனுக்குப் பலன் கிடைத்ததா என்று நீங்கள் கேட்கலாம். அம்மாவைக் கேட்டால், கிடைத்தது என்பார். எந்தப் பிடிமானமும் இல்லாமல் அவனால் எவ்வளவு நேரம் உட்கார முடிகிறது என்பதை மாதந்தோறும் குறித்துவைப்பது என் வழக்கம். பிப்ரவரியில் 20 விநாடி. மார்ச்சில் 32. ஏப்ரலில் 50. மே நடுவில் 63. ஊசிக்குப் பிறகு ஜூலையில் 94. அம்மா பார்ப்பது அறுபத்து மூன்றும் தொண்ணூற்று நான்கும்தான். அவருக்கு அது ஊசியின் பலன். ஜூனை வெற்றாக விட்டு மற்ற மாதங்களை ஒரு தாளில் கோடாக வரைந்தால், கோடு ஊசிக்கு முன்பு ஏறிய அதே சாய்வில்தான் ஏறுகிறது. அதோடு ஊசி போட்ட மருத்துவமனையில் இருந்த இரண்டு வாரமும் பையனுக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் உடற்பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். என்னால் வாரத்துக்கு மூன்று மணி நேரம்தான் கொடுக்க முடியும். பிள்ளையும் வளர்கிறான்.

என் நோட்டு எதையும் நிரூபித்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஒரு பிள்ளையின் கணக்கை வைத்து ஊசியால் பலன் இல்லை என்றும் முடிவு கட்ட முடியாது, உண்டு என்றும் முடிவு கட்ட முடியாது. அதற்காகத்தான் ஊசி போட்டவர்களையும் போடாதவர்களையும், இருவருக்கும் ஒரே அளவு பயிற்சி கொடுத்து, யாருக்கு எது என்று அளப்பவருக்குத் தெரியாமல் ஒப்பிட்டுப் பார்க்கும் முறை ஏற்பட்டிருக்கிறது. பணம் வாங்கிக்கொண்டு போடப்படும் இந்த ஊசிகளில் அப்படி ஒப்பிட எதுவும் மிஞ்சுவதில்லை. பிள்ளையின் உடம்பும் குடும்பத்தின் நகையும் செலவாகின்றன. அடுத்த பிள்ளைக்கு உதவும்படி ஒரு தகவல்கூடச் சேர்வதில்லை. இது என்னை மிகவும் வருத்துகிறது.

சொந்த உடம்பின் செல்தானே, கெடுதல் என்ன வந்துவிடும் என்பது அங்கே சொல்லப்படும் இன்னொரு வாதம். அமெரிக்காவின் புளோரிடாவில் ஒரு கிளினிக்கில் மூன்று பெண்களுக்கு அவர்களுடைய சொந்தக் கொழுப்பிலிருந்து எடுத்த செல்களை ஒரே நாளில் இரண்டு கண்ணிலும் செலுத்தினார்கள்; அதுவரை ஓரளவு பார்வையோடு இருந்தவர்களுக்குக் கடுமையான பார்வையிழப்பு ஏற்பட்டது. 2017இல் மருத்துவ இதழில் வந்த செய்தி இது. அவர்களும் பணம் கட்டித்தான் போட்டுக்கொண்டார்கள்.

இங்கே நான் பார்த்த கெடுதல் வேறு வகையானது. லாரியில் மூட்டை ஏற்றும்போது விழுந்து தண்டுவடம் முறிந்த ஓர் இளைஞருக்காக, அவர் விளையாடிய கேரம் கிளப்பின் பையன்கள் தெருத்தெருவாக உண்டியல் ஏந்தி 1 லட்சத்து 10 ஆயிரம் ரூபாய் சேர்த்தார்கள். அது முழுவதும் ஊசிக்குப் போனது. நான் அவரைப் பார்க்கப் போனபோது புட்டத்துக்கு மேலே கைம்முட்டி நுழையும் அளவுக்குப் படுக்கைப்புண். எலும்பின் வெண்மை தெரிந்தது. அவருக்கு வேண்டியிருந்தது காற்று மெத்தையும், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிவிட ஆளும், அந்தச் சந்துக்குள் திரும்பக்கூடிய சக்கர நாற்காலியும். மெத்தையையும் நாற்காலியையும் சேர்த்தாலும் உண்டியல் பணத்தில் பாதி ஆகியிருக்காது.

இவர்களில் ஒருவரும் புகார் கொடுக்கவில்லை. கொடுக்கவும் மாட்டார்கள். புகார் கொடுப்பது என்றால், என் பிள்ளைக்காக நான் செய்தது வீண் என்று ஒரு தாய் தன் கையால் எழுதிக் கையெழுத்திட வேண்டும். கடன் கொடுத்தவரிடமும் மாமியாரிடமும் நகைக்குச் சொந்தக்காரியான அக்காளிடமும் அதையே சொல்ல வேண்டும். உண்டியல் ஏந்திய பையன்கள் தெருவில் கேட்பார்கள். இன்னும் இரண்டு தவணை பாக்கி இருக்கிறது, அதில் நடந்துவிடுவானோ என்ற எண்ணமும் உள்ளே இருக்கும். நான் ஏன் புகார் கொடுக்கவில்லை என்று கேட்டால், அந்தத் தாயின் அனுமதி இல்லாமல் அவருடைய கோப்பை எடுத்துக்கொண்டு நான் எங்கே போவது? என் நோட்டிலுள்ள கோட்டை அவரிடம் காட்டவே எனக்கு நான்கு மாதம் ஆயிற்று. காட்டியபோது அவர் அழவில்லை. கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப ஆராய்ச்சி முடியுற வரைக்கும் எம்புள்ள வளராம நிப்பானா மேடம்?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. தீராத நோயுள்ள பிள்ளையின் பெற்றோருக்கு, நிரூபிக்கப்படாததையும் முயன்று பார்க்கும் உரிமை உண்டு என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். நான் அவர்களை எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். என் பிள்ளையாக இருந்தால் நானும் எந்த வாசலையும் தட்டியிருப்பேன். அப்படி முயன்று பார்ப்பதற்கு ஒரு முறையான வழி இருக்கிறது. அது பதிவுபெற்ற பரிசோதனை. அங்கே கட்டணம் இல்லை, கேட்டால் பதில் சொல்ல ஒரு குழு உண்டு, கெடுதல் நேர்ந்தால் பொறுப்பேற்க ஆள் உண்டு. முயன்று பார்க்கும் உரிமை பெற்றோருடையது என்றே வைத்துக்கொள்வோம். அதற்கு விலைப்பட்டியல் போடும் உரிமையை மருத்துவருக்கு யார் கொடுத்தார்கள்?

கவுன்சில் செய்யக்கூடியவை என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். இந்தச் சிகிச்சையை விற்பவர்கள் ஒளிந்துகொண்டு விற்பதில்லை. எங்கள் பக்கத்து டி.எச். ரோட்டில் ஷேர் ஆட்டோவின் முதுகில் ஒட்டியிருக்கிறது, மருந்துக்கடை மேசையில் துண்டுப் பிரசுரமாக இருக்கிறது, கைபேசியில் பெற்றோரின் பேட்டியாக வருகிறது. பக்கவாதத்தையும் நீரிழிவையும் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் மந்திரப் பரிகாரங்கள் சட்டம் ஏற்கெனவே தடுக்கிறது. விளம்பரத்தில் மருத்துவரின் பெயர் இருக்கிறது. பெயர் இருந்தால் பதிவேடு கவுன்சிலிடம்தான் இருக்கிறது. ஒரு விளம்பரம் கண்ணில் பட்டாலே அதைப் புகாராக எடுத்துக்கொண்டு, இந்தப் பரிசோதனையின் பதிவு எண் என்ன, எந்த நெறிமுறைக் குழு அனுமதித்தது, நோயாளியிடம் பணம் வாங்கினீர்களா என்று மூன்று கேள்விகள் கேட்டு ஒரு கடிதம் அனுப்பலாம். 2009 முதல் நாட்டில் நடக்கும் மருத்துவப் பரிசோதனைகள் பதிவு செய்யப்பட வேண்டியவை. அந்தப் பட்டியல் யாரும் பார்க்கும்படி இணையத்தில் இருக்கிறது. பதில் சரியா என்று சரிபார்க்க ஒரு மணி நேரம் போதும்.

அடுத்தது, சுவர். ஒவ்வொரு மருத்துவமனையிலும் பதிவுச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டிவைத்திருக்கிறார்கள். ஸ்டெம் செல் ஊசி போடும் இடங்களில் அதன் பக்கத்திலேயே, தமிழில், கொட்டை எழுத்தில், இது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சையா பரிசோதனையா, பரிசோதனை என்றால் பதிவு எண் என்ன, கட்டணம் வாங்கக் கூடாது என்று எழுதி மாட்ட வேண்டும் என, மருத்துவமனைகளைப் பதிவு செய்யும் அதிகாரிகளோடு பேசி, ஆணை பெற்றுத்தர வேண்டும். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் தந்து, வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துக் கேட்டுவர மூன்று நாளாவது கொடுக்க வேண்டும். ஊசி போடும் காலையில், பிள்ளை பட்டினியாக மடியில் அழுதுகொண்டிருக்கும்போது வாங்கப்படும் 11 கையெழுத்துகளை ஒப்புதல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பிரசவத்துக்கு நாள் குறித்த பெண்களிடம் தொப்புள்கொடி ரத்தச் சேமிப்பை விற்பவர்களையும் இதே கண்ணோட்டத்தில் பார்க்க வேண்டும். பிள்ளையின் சொந்த எதிர்காலத் தேவைக்கென்று அதைச் சேமித்துவைப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று ஆராய்ச்சிக் கழகம் சொல்லியிருப்பதை அந்தப் பெண்களிடம் யாரும் சொல்வதில்லை. இது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

இன்னொன்று கவுன்சிலின் அதிகாரத்துக்குள் வராது. ஆனால் அரசிடம் நீங்கள் சொன்னால் கேட்பார்கள். அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் கே.கே. நகரில் இருக்கிறது. எண்ணூரிலிருந்தோ கொடுங்கையூரிலிருந்தோ விறைத்த காலோடு ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்வர ஒரு நாள் கூலி போய்விடும். வாரம் ஒரு நாள் என்றாலும் இரண்டாம் மாதம் நின்றுவிடுகிறார்கள். நின்றுபோன அந்த இடைவெளியில்தான் ஊசிக்காரர்களின் தொலைபேசி வருகிறது. வண்டி அனுப்புகிறோம், தங்க இடம் தருகிறோம், தினமும் மூன்று மணி நேரம் பயிற்சி உண்டு என்கிறார்கள். அந்த மூன்று மணி நேரத்தை வடசென்னையிலேயே, வீட்டுப் பக்கத்திலேயே, இலவசமாகக் கொடுத்தால், ஊசியை வாங்குவதற்கு அந்தத் தாய்க்கு இருந்த காரணங்களில் பெரும்பகுதி போய்விடும். அவர் கண்ணால் பார்த்த முன்னேற்றம் பெரும்பாலும் அந்தப் பயிற்சியால் வந்தது என்றே நான் நம்புகிறேன்.

இரண்டாம் தவணையை அவர்கள் இன்னும் போடவில்லை. போட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பரிசோதனையின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி வாருங்கள், சேர்ந்து பார்ப்போம் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். இரண்டு முறை தொலைபேசியில் கேட்டாராம், நேரில் வாருங்கள் என்றார்களாம். படிவத்தையும் ரசீதையும், ஊரும் பெயரும் மறைத்து, உங்களிடம் காட்ட அவர் இப்போது சம்மதித்திருக்கிறார். என் நோட்டும் இருக்கிறது. காலை 8 முதல் 12 வரை எனக்கு நோயாளிகள் இருப்பார்கள். பிற்பகலில் எந்த நாள் அழைத்தாலும் மூன்றையும் எடுத்துக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஓர் இயன்முறை சிகிச்சையாளர்,
தண்டையார்பேட்டை, வடசென்னை.